இனிப்பை விதைத்த தமிழர்: சர் டி. எஸ். வெங்கட்ராமன்

பொங்கற் புதுநாளில் கரும்பில்லாத தமிழர் இல்லம் இல்லை. தாயகம் விட்டுத் தெலுங்கு மண்ணிலே குடியேறி வாழும் நம் குடும்பங்களும் இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. தை பிறக்கும் முன்னரே செகந்திராபாத் சந்தைகளுக்குச் சென்று, தோகையோடு கூடிய கரும்பைத் தேடி வாங்கி வந்து, வாசலிலே சார்த்தி வைக்கிறோம். புதுப்பானையில் வெல்லம் இட்டுப் பொங்கலும் வைக்கிறோம். வாசலில் நிற்கும் பருத்த கரும்பு நம் முன்னோர் அறிந்த பழங்கரும்பின் வழிவந்தது. பானையில் கரையும் வெல்லமோ பெரும்பாலும் வேறொரு கரும்பின் சாறு. அந்தக் கரும்பு, ஒரு தமிழர் தம் வாழ்நாளின் முப்பது ஆண்டுகளைச் செலவிட்டு வளர்த்த குலத்தின் கொழுந்து. அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் திருவாடி சாம்பசிவ வெங்கட்ராமன். 1884ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் சேலத்தில் பிறந்தவர். கரும்பைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தவர்கள் தகடூர் அதியமானின் முன்னோர் என்பது ஒளவையார் புறநானூற்றில் குறித்த செய்தி. அத்தகடூர், வெங்கட்ராமன் பிறந்த நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அதியர் குடி கரும்பைக் கொணர்ந்த சீமையிலேயே அக்கரும்பைப் புதுப்பிக்கும் மகன் ஒருவன் பிறந்தது தமிழர்க்கு மகிழ்வூட்டும் பொருத்தமாகும்.

அக்காலத்தில் இந்தியக் கரும்பின் நிலை இரங்கத்தக்கதாய் இருந்தது. உலகிலே கரும்பு மிகுதியாகப் பயிராகும் நாடுகளுள் ஒன்றாக இருந்தும், வெள்ளைச் சர்க்கரைக்கு நாம் சாவகத் தீவை நோக்கிக் கையேந்தி நின்றோம். ஆண்டுதோறும் லட்சக்கணக்கான டன் சர்க்கரை கப்பலேறி வந்தது. பஞ்சாபிலும் ஐக்கிய மாகாணத்திலும் பீகாரிலும் பயிரான கரும்புகள் விரற்கடை அளவே பருமனுள்ளவை. குளிரையும் வறட்சியையும் அவை தாங்கும். ஆனால் சாறு மிகக் குறைவு. தென்னாட்டுக் கரும்புகளோ பருத்தவை, சாறு மிகுந்தவை. ஆனால் வடநாட்டுப் பனியையும் வெயிலையும் தாங்கா. நோய் வந்தால் தலைசாய்ந்துவிடும்.

நோய் எவ்வாறு வந்தது என்பதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இன்றைய ஆந்திர நாட்டின் கோதாவரிப் படுகையே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே செவ்வழுகல் என்னும் கொடிய பூசண நோய் கரும்புத் தோட்டங்களை வாட்டியது. வெளியே பச்சையாய் நிற்கும் கரும்பின் உச்சி இலைகள் திடீரெனப் பழுத்து வாடும். தண்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே இரத்தச் சிவப்பு. இடையிடையே குறுக்காக வெண்திட்டுகள். புளித்த கள்ளின் வாடை. சர்க்கரையெல்லாம் சிதைந்துவிடும். அத்தண்டிலிருந்து வெட்டிய கரணையை நட்டால் நோயும் உடன் நடப்படும். பாயும் நீரும் அதனைப் பக்கத்து வயலுக்குக் கொண்டு செல்லும். இந்நோயை ஆராய்ந்தவர், சென்னை அரசாங்கத்தின் தாவர நூலறிஞராயிருந்த டாக்டர் சி. ஏ. பார்பர் என்னும் ஆங்கிலேயர். சாமல்கோட்டையில் கரும்புப் பண்ணை ஒன்று அமைந்ததும் இந்நோயின் காரணமாகவே.

பார்பரின் கீழே உதவியாளராய்ப் பணியேற்றவர் இளைஞர் வெங்கட்ராமன். 1912ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் கரும்பு இனவிருத்தி நிலையம் நிறுவப்பட்டபோது, குருவும் சீடரும் அங்கே ஒருங்கே பணி தொடங்கினர்.

கோயமுத்தூரை ஏன் தேர்ந்தெடுத்தனர் என்று கேட்கலாம். கரும்பை நாம் கரணையிட்டு வளர்க்கிறோம். ஆகவே பிள்ளைக்கரும்பு தாய்க்கரும்பின் அச்சாகவே இருக்கும். புதுக் குணம் ஒன்றும் தோன்றாது. புதுக் குணம் வேண்டுமாயின் கரும்பு பூக்க வேண்டும். பூவிலே மகரந்தச் சேர்க்கை நிகழ வேண்டும். விதை உண்டாக வேண்டும். வடநாட்டிலே கரும்பு எளிதில் பூப்பதில்லை; பூத்தாலும் விதை கொள்வது அரிது. நொய்யலாற்றங்கரைச் சீமையின் தட்பவெப்பத்திலோ கரும்பு நன்கு பூக்கிறது. இக்காரணத்தினாலேயே பஞ்சாபுக்கு வேண்டிய கரும்பும் தமிழ்நாட்டிலே பிறக்க நேர்ந்தது.

அப்பணியின் கடுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். கரும்பின் பூக்கதிரில் உள்ள பூக்கள் ஆயிரக்கணக்கானவை; ஒவ்வொன்றும் மிகச் சிறியது. கையால் ஒவ்வொரு பூவின் மகரந்தப் பையையும் நீக்குவது நடவாத காரியம். ஆதலால், தன் மகரந்தம் வளமற்றதாய் உள்ள கரும்பைத் தாயாகக் கொண்டு, வேறொரு கரும்பின் கதிரை அதன்மேல் உதறிச் சேர்க்கை செய்தனர். பஞ்சினும் மெல்லிய விதை கிடைத்தது. அதனைத் தொட்டியில் தூவி, நீர் தெளித்து, புல்லோ என ஐயுறத்தக்க நாற்றுகளைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்தனர். ஒரே கதிரில் விளைந்த விதைகளாயினும் ஒரு நாற்றுப்போல் மற்றொன்று இராது. ஆயிரம் நாற்றில் ஒன்று தேறினாலே பெரும் பேறு.

வெங்கட்ராமன் புகழ் பெற்றது, எவரும் பயனற்றதென ஒதுக்கிய ஒன்றைக் கையில் எடுத்ததனாலேயே. ஆற்றோரங்களில் தானே முளைத்து நிற்கும் நாணலைக் காணாதவர் இலர். தெலுங்கர் அதனை ரெல்லு என்பர். வடவர் காஸ் என்பர். அதன் தண்டில் இனிப்பில்லை, பருமனில்லை. உழவனுக்கு அது களை. ஆயினும் வறட்சி, வெள்ளம், குளிர், நோய் ஆகிய நான்கினையும் எதிர்த்து நிற்கும் உரம் அதற்கு உண்டு. அது கரும்பின் காட்டு உறவினன். வெள்ளை என்று பெயர் பெற்ற நம் தென்னாட்டுப் பருங்கரும்பைத் தாயாகவும் இந்நாணலைத் தந்தையாகவும் கொண்டு பிறந்ததே கோ 205. கோ என்பது கோயமுத்தூரைக் குறிக்கும் எழுத்து. 1918ஆம் ஆண்டில் அது பஞ்சாபு உழவர் கையில் சேர்ந்தது. அங்கே வழங்கிய கதா என்னும் பழங்கரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைச்சல் தந்தது. களை என்று வெட்டி எறியப்பட்டதன் குருதியே கரும்பைக் காத்தது.

பார்பர் விடைபெற்ற பின்னர், 1919ஆம் ஆண்டளவில் நிலையத்தின் பொறுப்பு முழுவதும் வெங்கட்ராமனிடம் வந்தது. 1942ஆம் ஆண்டில் ஓய்வு பெறும்வரை அவரே அதனை நடத்தினார். ஆங்கிலேயர் ஆட்சியில், பேரரசின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்கு இந்தியர் ஒருவர் இத்தனை ஆண்டுகள் தலைமை தாங்கியது சிறிய செய்தியன்று.

அவர் காலத்தில் கோ 213, கோ 281, கோ 290, கோ 312, கோ 419 எனக் கரும்புகள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் புறப்பட்டன. தென்னாட்டுப் பருங்கரும்பு, வடநாட்டு மெல்லிய கரும்பு, காட்டு நாணல் ஆகிய மூன்று குலத்தின் குருதியையும் ஓருடலில் சேர்ப்பது அவர் கண்ட வழி. வடநாட்டு மெல்லிய கரும்பின் ஓர் இனத்திற்குப் பார்பரின் பெயரையே தாவர நூலார் சூட்டியுள்ளனர். கோ 213 பீகாரையும் ஐக்கிய மாகாணத்தின் கீழ்ப்பகுதியையும் நிரப்பியது. கோ 419 தென்னாட்டிலே பல பத்தாண்டுகள் அரசோச்சியது.

நம் நாட்டோடு அவர் புகழ் நிற்கவில்லை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1920களில் தேமல் நோய் பரவிக் கரும்புத் தொழிலையே அழிக்கும் நிலை ஏற்பட்டது. சாவகக் கரும்புகள் முதலில் துணைக்கு வந்தன. அவற்றைத் தொடர்ந்து கோ 281, கோ 290 ஆகிய கோயமுத்தூர்க் கரும்புகளும் அங்கே வேரூன்றின. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் சீமையிலும் கோ 281 பயிராயிற்று. அந்நேட்டால் கரும்புத் தோட்டங்களிலே வியர்வை சிந்தியவர்களுள் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற நம் தமிழர் எத்தனை ஆயிரவர்! அவர்கள் சென்ற வழியிலேயே அவர்தம் நாட்டுக் கரும்பும் சென்றது.

1932ஆம் ஆண்டில் அரசாங்கம் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்பு வரி விதித்தது. அதற்கு முன் நாட்டில் இருந்த ஆலைகள் சுமார் 30. ஐந்தாறு ஆண்டுகளுள் அவை 130க்கு மேற்பட்டன. சாவகச் சர்க்கரையின் வரவு ஏறக்குறைய நின்றுபோயிற்று. வரியினால் மட்டும் இது நிகழ்ந்ததென்று கூறுவோரும் உண்டு. ஆனால், அரைப்பதற்குக் கரும்பு இல்லாத நாட்டில் வரி எத்தனை விதித்தும் பயன் என்ன? வயலில் கோயமுத்தூர்க் கரும்பு தயாராக நின்றமையால்தான் ஆலைகள் எழுந்தன.

இனி, நம் ஐதராபாத்துக்கு வருவோம். 1937ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய விஞ்ஞானக் காங்கிரசின் 24ஆவது மாநாடு இந்நகரிலே கூடியது. அதன் பொதுத் தலைவராக வீற்றிருந்தவர் வெங்கட்ராமனே. நாடெங்கிலுமிருந்து வந்த அறிஞர் கூட்டம், அவர் கரும்பின் கலப்பினங்களைப் பற்றிப் பேசுவாரென எதிர்பார்த்திருந்தால் அதில் வியப்பில்லை. அவர் எடுத்துக்கொண்ட பொருளோ இந்தியக் கிராமத்தின் நேற்று, இன்று, நாளை. ஆய்வுக்கூடத்தின் பயன் கிராமத்தானின் வாழ்விலே காணப்பட வேண்டும் என்ற எண்ணம் உடையவருக்கு அதுவே இயல்பான பொருள். அவ்வாண்டிலேயே, நிஜாம்சாகர் நீர் பாயும் போதனில் நிஜாம் சர்க்கரை ஆலையும் எழுந்தது. ஆசியாவின் பெரிய ஆலைகளுள் ஒன்றென அது பல்லாண்டு பெயர் பெற்றிருந்தது. பின்னாளில் அதன் அரைவை ஓய்ந்துவிட்டது. மூத்த குடும்பத்தினர் அதனை மறந்திருக்கமாட்டார்கள்.

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் வெற்றியோடு நிறுத்திவிடுவது வழக்கம். வெங்கட்ராமன் வாழ்வில் உள்ள சோதனையைச் சொல்லாது விட்டால் அது அவருக்கு நாம் செய்யும் குறையாகும்.

பீகாரையும் அதனை அடுத்த பகுதிகளையும் ஒரே கரும்பாய் நிரப்பி நின்ற கோ 213, 1930களின் இறுதியில் செவ்வழுகலுக்கு இரையாயிற்று. வயல் வயலாய்க் கரும்பு காய்ந்தது. ஆலைகள் கரும்பின்றி நின்றன. நோய்க்கு அஞ்சாதென நம்பி நட்ட கரும்பு ஏன் வீழ்ந்தது? கரும்பு மாறவில்லை, பூசணம் மாறிவிட்டது. பழைய பூசணத்தினும் கொடிய புதுவகை ஒன்று தோன்றி, கரும்பின் காவலைக் கடந்துவிட்டது. கரணை வழியாய்ப் பெருகிய கரும்பெல்லாம் ஓர் அச்சில் வார்த்தவை. ஆதலால் ஒன்றை வெல்லக் கற்ற பகை அனைத்தையும் வென்றது. ஒரே பூட்டை ஊரெல்லாம் பூட்டினால், ஒரு கள்ளச்சாவி போதுமன்றோ?

இது அக்காலத்தோடு முடிந்த கதையன்று. தமிழ்நாட்டில் புகழ்பெற்ற கோசி 671 பின்னர் இவ்வாறே செவ்வழுகலுக்கு இரையாயிற்று. 2009ஆம் ஆண்டில் வெளிவந்து உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைக் கைக்கொண்ட கோ 0238 என்னும் அருமையான கரும்பும், பத்தாண்டு கழிவதற்குள் அந்நோயின் பிடியில் சிக்கியது. புதுக்கரும்பை உழவனிடம் அளிக்கும் முன்னர், பூசணத்தைத் தண்டினுள் செலுத்திச் சோதிக்கும் வழக்கம் இத்தகைய அடிகளால் கற்ற பாடமே. மற்றொரு பாடமும் உண்டு: கரும்பு எத்தனை நல்லதாயினும், நாடெங்கும் அதனையே நடுவது நலமன்று.

வெங்கட்ராமன் தம் கைக்கு எட்டிய கருவிகளால் இயன்ற வரையில் கரும்பின் உள்ளே நோக்க முயன்றார். 1930களில் குரோமோசோம் ஆராய்ச்சியில் வல்லவரான டாக்டர் இ. கே. ஜானகி அம்மாள் அந்நிலையத்தில் பணியாற்றினார். மலையாள நாட்டில் பிறந்து உலகப் புகழ் பெற்ற அப்பெண்மணி, நுண்ணோக்கியின் கீழே கரும்பின் குரோமோசோம்களை எண்ணினார். பருங்கரும்பில் 80, நாணலிலோ, வகைக்கேற்ப 40 முதல் 128 வரை. இவை கலந்த கரும்பில் நூற்றுக்கு மேல். கரும்பைச் சோளத்தோடும் மூங்கிலோடும் சேர்க்கவும் அந்நிலையத்தார் துணிந்தனர். அவை ஆராய்ச்சி அளவிலேயே நின்றன. எனினும் அத்துணிவு போற்றத்தக்கது.

குரோமோசோம்களை எண்ணலாம்; அவற்றுள் எழுதப்பட்டிருப்பதைப் படிக்க அன்று வழியில்லை. இன்று வழி பிறந்துள்ளது. உயிரணுவின் உள்ளே உள்ள மரபுச் செய்தி முழுவதையும் எழுத்தெழுத்தாய்ப் படித்து, கணிப்பொறியின் துணையால் கோவைப்படுத்தும் கலை வளர்ந்துள்ளது. நெல், கோதுமை முதலியவற்றைப் படித்த பின்னரும் கரும்பு நெடுநாள் படிக்க இயலாததாய் இருந்தது. காரணத்தை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரே நூலின் பத்து ஏட்டுச்சுவடிகள் உள்ளன. அவற்றுள் பாடபேதங்கள் சிற்சில. கயிற்றை அறுத்து, ஏடுகளைத் துண்டாக்கி, அனைத்தையும் ஒரே குவியலாய்க் கொட்டிவிட்டால், எந்தத் துண்டு எந்தச் சுவடிக்குரியது என்று எவர் கூற வல்லார்? மூன்று குலமும் பல படிகளும் கலந்த கரும்பின் மரபுநூல் அத்தகையது.

2018ஆம் ஆண்டில் நாணலின் மரபுத் தொகுதி ஒன்று படிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில், ரீயூனியன் தீவில் பிறந்த ஆர் 570 என்னும் கலப்பினக் கரும்பின் மரபுத் தொகுதி பல நாட்டு அறிஞரின் கூட்டு முயற்சியால் முழுமையாக வெளியிடப்பட்டது. அதன் அளவு சுமார் 1,000 கோடி எழுத்துகள். மனிதனுடையதைப் போல் மும்மடங்கு. அக்கரும்பைத் துரு நோயினின்றும் நெடுங்காலம் காத்து வந்த மரபுக்கூறு எங்கே உள்ளது என்பதும், அருகருகே உள்ள இரண்டு மரபணுக்கள் சேர்ந்து அக்காவலைச் செய்கின்றன என்று கருதத்தக்க சான்றும் கிடைத்தன. இன்றைய கலப்பினக் கரும்புகளின் குரோமோசோம்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்றுவரை நாணலின் கொடை என்பதும் ஆராய்ச்சியால் அறியப்பட்ட செய்தி. வெங்கட்ராமன் கண்ணாலும் கையாலும் கலந்ததைக் கணிப்பொறி இன்று கணக்கிட்டுக் காட்டுகிறது.

இக்கலையின் பயனை உணர நாம் கோயமுத்தூர் வரை செல்ல வேண்டுவதில்லை. நம் வீடுகளில் நாள்தோறும் உலையேறும் சம்பா மசூரி அரிசியையே எடுத்துக்கொள்வோம். சுவையில் சிறந்த அந்நெல், பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்கு எளிதில் பணிந்துவிடும். ஐதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தாரும், ராஜேந்திரநகர் நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் ஒன்றுகூடி, நோயை எதிர்க்கும் மூன்று மரபணுக்களை அதனுள் சேர்த்து, 2008ஆம் ஆண்டில் மேம்பட்ட சம்பா மசூரியை அளித்தனர். வயலில் பல தலைமுறை காத்திராது, நாற்றின் மரபணு அடையாளத்தைப் பார்த்தே வேண்டுவதைத் தேர்ந்தெடுத்தனர். அம்மூன்றனுள் ஒன்று, ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. காட்டு உறவினனை நாடிச் சென்று வீட்டுப் பயிரைக் காக்கும் அறம், நாணலிலே தொடங்கியதன் தொடர்ச்சியன்றோ? படாஞ்செருவில் 1972ஆம் ஆண்டு முதல் இயங்கும் பன்னாட்டு நிலையத்தார் துவரை, கொண்டைக்கடலை ஆகியவற்றின் மரபுத் தொகுதிகளைப் படித்து வெளியிடுவதில் முன்னின்றதும் இத்தொடர்பில் நினைக்கத்தக்கது.

அரசாங்கம் வெங்கட்ராமனுக்கு ராவ் பகதூர், சர் முதலிய பட்டங்களை அளித்தது. விடுதலை பெற்ற இந்தியா 1956ஆம் ஆண்டில் பத்ம பூஷண் விருதளித்துப் பாராட்டியது. 1963ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள், பொங்கல் கழிந்த சில நாளில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

பட்டங்கள் மறக்கப்படும். கோ 205 வயலிலிருந்து மறைந்து நெடுநாளாயிற்று. ஆயினும், உலகின் பல நாடுகளில் இன்று நிற்கும் ஆலைக்கரும்பின் குலமுறையைத் தேடிச் சென்றால், சாவகத்துக் கரும்புகளோடு கோயமுத்தூர்க் கரும்புகளும் மூதாதையராய் வந்து நிற்கும். ஊரறியாது ஒரு மனிதர் செய்த தொண்டுக்கு இதனினும் நிலையான கல்வெட்டு வேண்டுமோ?

நம் குடும்பங்களில் தாவர நூலும் கணிப்பொறியும் கற்ற இளைஞர் பலர் உளர். ஜீனோம் வேலி என்று பெயர் பெற்ற ஆய்வுக்கூடங்களுக்குக் காலையில் செல்வோரும் உளர். அவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பூசணம் உறங்குவதில்லை, இன்று வென்ற பயிர் நாளை தோற்கலாம். ஆகவே இப்பணிக்கு முடிவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாய் ஏற்க வேண்டிய கடன் இது. திரையில் ஓடும் எழுத்துகளின் மறுமுனையில், காய்ந்த கரும்பைப் பார்த்து நிற்கும் உழவன் ஒருவன் இருக்கிறான் என்பதை மறவாதவரே வெங்கட்ராமனின் வாரிசு.

அடுத்த பொங்கலன்று, வெல்லத்தைப் பானையில் இடும்போது, சேலத்தில் பிறந்து கோவையில் உழைத்து ஐதராபாத்தில் அறிஞரவைக்குத் தலைமை தாங்கிய அப்பெருமகனைப் பற்றி நம் குழந்தைகளுக்கு இரண்டு சொற்கள் சொல்வோம். நன்றி மறவாமை தமிழர் மரபு. அதனை எம்மண்ணில் வாழினும் காப்போம்.